பாம்பன் ஏன் இரண்டு தடவை பாலம்? – கம்ப்யூட்டர் ஊர் சுற்றும் கதை



இந்த முறை கணினிப் பகுதிக்கு ஒரு ரயில் விஷயம். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. கடல் காற்றில் துரு ஏறி, வயசாகி, 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் விடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ல். நடுவில் இரண்டு வருஷத்துக்கும் மேல் இராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கி, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் பஸ் பிடித்துத்தான் போகணும்.

சரி, இதே மாதிரி மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவில் தண்டவாளத்தை மூடினால் என்ன ஆகும்? கஷ்டம்தான், ஆனால் எந்த ஊருக்கும் ரயில் அற்றுப் போகாது. விருதுநகர் வழியாகச் சுற்றிப் போகலாம், காரைக்குடி வழியாகவும் போகலாம். அப்போ ஒரு தண்டவாளம் போனால் "சுற்றிப் போகலாம்", இன்னொன்று போனால் "ஊரே துண்டாகிப் போச்சு". எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து ஊர் உள்ள படத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிடலாம். இந்திய ரயில்வேயில் ஏழாயிரத்துக்கும் மேல் ஸ்டேஷன் இருக்கு. அங்கே கம்ப்யூட்டர்தான் சொல்லணும். ஆனால் கம்ப்யூட்டருக்குப் படம் தெரியாது, கண் கிடையாது. அது எப்படி ஊர் ஊராகப் போய்ப் பார்க்குது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வார்த்தை. கணக்கு வகுப்பில் கட்டம் போட்ட தாளில் வரைகிறோமே, அந்த கிராப் வேறு. இந்த கிராப் என்றால் சில புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் சில கோடுகள், அவ்வளவுதான். புள்ளிக்கு நோட் என்றும் கோட்டுக்கு எட்ஜ் என்றும் பெயர். நான் புள்ளி, கோடு என்றே எழுதப் போகிறேன். கோடு வளைந்திருக்கா நேரா இருக்கா, நீளமா குட்டையா என்பதெல்லாம் முக்கியமில்லை. யாரோடு யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் கணக்கு.

தாளின் வலது மூலையில் பச்சை மையில் ஒரு படம் இருக்கு, பாருங்க. பத்து ஊர், பன்னிரண்டு கோடு. தூரத்திலிருந்து படிக்கிறவர்களுக்காக இங்கேயும் எழுதிவிடுகிறேன், எழுதிய வரிசையும் பின்னால் தேவைப்படும்:

திருச்சி – திண்டுக்கல்
திருச்சி – காரைக்குடி
திண்டுக்கல் – மதுரை
காரைக்குடி – மானாமதுரை
மதுரை – மானாமதுரை
மதுரை – விருதுநகர்
மானாமதுரை – விருதுநகர்
மானாமதுரை – இராமேஸ்வரம்
விருதுநகர் – திருநெல்வேலி
விருதுநகர் – தென்காசி
திருநெல்வேலி – தென்காசி
திருநெல்வேலி – திருச்செந்தூர்

நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன்களையும், தூத்துக்குடி, போடி, பழனி போன்ற பக்கம் போகும் கிளைகளையும் விட்டுவிட்டேன். அந்த ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், சுவரில் இடமில்லை.

இதைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கப் பழைய வழி, பெரிய கட்டம் போடுவது. பத்து வரிசை, பத்து பத்தி. மதுரை வரிசையும் மானாமதுரை பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் 1. கோடு இல்லாத இடத்தில் 0. நம்ம ப்ளஸ் டூ கணக்கில் வரும் அணி மாதிரியே இருக்கும். "மதுரைக்கும் தென்காசிக்கும் நேர்க் கோடு இருக்கா?" என்றால் ஒரே கட்டத்தைப் பார்த்து உடனே சொல்லிடலாம். ஆனால் நம்ம படத்துக்கே நூறு கட்டம். அதில் 1 இருப்பது 24 இடத்தில் (ஒவ்வொரு கோடும் இரண்டு பக்கமும் வரும்), மிச்சம் 76 இடத்தில் சும்மா முட்டை. ஏழாயிரம் ஸ்டேஷனுக்குப் போட்டால் 4 கோடியே 90 லட்சம் கட்டம்! ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஸ்டேஷன் இரண்டோ மூன்றோதான், அதற்கு ஏழாயிரம் கட்டம் நீளத்துக்கு ஒரு வரிசை. "மதுரைக்குப் பக்கத்தில் யார் யார்?" என்று கேட்டால் ஏழாயிரம் கட்டத்தையும் தடவிப் பார்க்கணும்.

அடுத்த வழி, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அதன் பக்கத்து ஊர்களை மட்டும் எழுதுவது. மதுரை: திண்டுக்கல், மானாமதுரை, விருதுநகர். அவ்வளவுதான். முட்டை எழுத வேண்டியதே இல்லை. ஊர் சுற்றுவதற்கு இதுதான் தோது. ஏன்னா சுற்றும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "இங்கிருந்து எங்கெல்லாம் போகலாம்?"

பைத்தானில் இதைச் செய்து வைத்திருக்கும் ஒரு நூலகத்தின் பெயர் நெட்வொர்க்எக்ஸ். (நூலகம் என்றால் யாரோ எழுதிச் சோதித்து வைத்த நிரல்களின் தொகுப்பு. நம் லைப்ரரி மாதிரி அமைதியாக உட்கார வேண்டியதில்லை!) அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலாமோஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆரிக் ஹாக்பெர்க், பீட்டர் ஸ்வார்ட், அவர்களோடு டான் ஷுல்ட், மூன்று பேரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தது. 2005-ல் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலாமோஸ்தான், ஆனால் இது நல்ல சரக்கு.

அதன் உள்ளே பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரிய மந்திரம் எதுவும் இல்லை. நம் பாடப் புத்தகத்தில் வருகிற பைத்தான் டிக்ஷனரிதான். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ஒரு டிக்ஷனரி வரும், அதில் பக்கத்து ஊர்கள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெயரைக் கொடுத்தால் இன்னொரு டிக்ஷனரி வரும், அதில் அந்தக் கோட்டைப் பற்றிய விவரம்: எத்தனை கிலோமீட்டர், ஒற்றைப் பாதையா இரட்டைப் பாதையா, நாம் எதை எழுதி வைத்தோமோ அது. டிக்ஷனரிக்குள் டிக்ஷனரிக்குள் டிக்ஷனரி. வெங்காயம் உரிக்கிற மாதிரி மூன்று தோல்.

எழுதுவதும் சுலபம். ஜி = என்எக்ஸ்.கிராப்( ) என்று ஒரு காலிப் படம். பிறகு ஜி.ஆட்_எட்ஜ்("மதுரை", "மானாமதுரை") என்று ஒரு வரிக்கு ஒரு கோடு. (சுவருக்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கேன். அடிக்கும்போது கட்டளையை ஆங்கிலத்தில் அடிக்கணும். ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் ஒன்றும் சொல்லாது.) மதுரை, மானாமதுரை என்று புள்ளிகளைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. கோடு போட்டாலே புள்ளி தானாக வந்துடும். இன்னொரு நல்ல விஷயம், மதுரை பக்கத்திலும் மானாமதுரை பக்கத்திலும் கோட்டின் விவரத்தை இரண்டு பிரதி எடுத்து வைப்பதில்லை. ஒரே டிக்ஷனரியை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கிலோமீட்டரை ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் திருந்திடும். இதை யோசித்து வைத்தவருக்கு ஒரு ஷொட்டு கொடுக்கலாம்.

ஆனால் "தானாக வந்துடும்" என்பதில் ஒரு குழியும் இருக்கு. ஒரு வரியில் "இராமேஸ்வரம்" என்றும் அடுத்த வரியில் "ராமேஸ்வரம்" என்றும் எழுதினால், நூலகம் திட்டாது. சந்தோஷமாக இரண்டு ஊர் வைத்துக்கொள்ளும். தமிழில் இன்னும் ஒரு வேடிக்கை. போடி என்ற ஊரில் "போ" என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: முழு ஓகாரக் குறியாக ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து இன்னொன்று. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. டிக்ஷனரிக்கு அது இரண்டு வேறு ஊர். பிறகு "போடிக்கு வழியே இல்லை" என்று நூலகம் சொன்னால் அதன் மேல் தப்பில்லை.

எழுதி வைக்கும் விதம் தப்பானால் எவ்வளவு பெரிய தப்பு நடக்கும் என்பதற்கு ஒரு சரித்திர உதாரணம் இருக்கு. கிராப் கணக்கு பிறந்ததே பாலத்தில்தான். கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் (இன்றைக்கு ரஷ்யாவில் கலினின்கிராட்) ஆற்றின் மேல் ஏழு பாலம், அவை சேர்ப்பது நான்கு நிலப்பகுதி. ஏழு பாலத்தையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடந்து வர முடியுமா என்பது கேள்வி. முடியாது என்று 1736-ல் நிரூபித்தவர் ஆய்லர். அவர் சொன்ன காரணம் எளிசு. நடுவில் கடந்து போகிற இடத்துக்கு வருகிற பாலம் ஒன்று, போகிற பாலம் ஒன்று, ஆக இரட்டைப்படையாக இருக்கணும். ஒற்றைப்படை வருவது ஆரம்ப இடத்திலும் முடியும் இடத்திலும்தான், அதாவது அதிகபட்சம் இரண்டு. கோனிக்ஸ்பெர்க்கில் நான்கு நிலத்துக்கும் 5, 3, 3, 3 பாலம். எல்லாம் ஒற்றை.

இதை அப்படியே என்எக்ஸ்.கிராப்-ல் போட்டுப் பாருங்க. நடுத்தீவுக்கும் வடகரைக்கும் இரண்டு பாலம், தீவுக்கும் தென்கரைக்கும் இரண்டு பாலம். சாதாரண கிராப்பில் ஒரே ஜோடிக்கு ஒரு கோடுதான் இருக்க முடியும். டிக்ஷனரியில் ஒரு பெயருக்கு ஒரு இடம்தானே? இரண்டாவது பாலத்தைப் போட்டால் முதல் பாலத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஏழு பாலம் ஐந்தாகிப் போகும். நிலங்களுக்கு 3, 2, 2, 3 என்று ஆகும். இப்போ ஒற்றைப்படை இரண்டே இடம். "நடக்க முடியுமா?" என்று கேட்டால் நூலகம் "முடியும்" என்று பதில் சொல்லும்! ஆய்லர் முடியாது என்று நிரூபித்ததை நம்ம லேப் கம்ப்யூட்டர் முடியும் என்கிறது. இரண்டுமே சரி. ஏன்னா இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஊரை அல்ல. இதுக்காகவே அந்த நூலகத்தில் மல்டிகிராப் என்று தனியாக ஒன்று இருக்கு. அதில் போட்டால் ஏழும் ஏழாகவே இருக்கும், பதிலும் "முடியாது" என்று சரியாக வரும். நூலகம் தப்புச் செய்யாது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தை ஒரு தடவை செய்து பார்த்தால் போதும்.

சரி, இப்போ ஊர் சுற்றலாம். எழுதி வைத்ததை வைத்து எல்லா ஊருக்கும் போய் வர இரண்டு வழி. இரண்டிலும் ஒரு விதி பொது: போய்வந்த ஊரைக் குறித்து வைக்கணும். இல்லைன்னா மதுரை, மானாமதுரை, விருதுநகர், மறுபடி மதுரை என்று நிரல் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் வழி, ரேஷன் கடை வரிசை. திருச்சியை வரிசையில் நிற்க வை. முன்னால் நிற்பவரைக் கூப்பிட்டு, அவருடைய பக்கத்து ஊர்களில் இன்னும் குறிக்காதவர்களைக் குறித்து, வரிசையின் கடைசியில் நிறுத்து. வரிசை தீரும் வரை இதே வேலை. திருச்சி போனதும் திண்டுக்கல், காரைக்குடி வந்து நிற்கும். திண்டுக்கல் மதுரையைக் கூட்டி வரும், காரைக்குடி மானாமதுரையைக் கூட்டி வரும். மதுரையால் விருதுநகர், மானாமதுரையால் இராமேஸ்வரம். பிறகு திருநெல்வேலி, தென்காசி. கடைசியில் திருச்செந்தூர். கவனிச்சீங்களா, குளத்தில் கல் போட்ட மாதிரி அலை அலையாகப் போகுது. ஒரு கோடு தூரத்தில் இரண்டு ஊர், இரண்டு கோடு தூரத்தில் இரண்டு, மூன்றில் இரண்டு, நான்கில் இரண்டு, ஐந்தில் திருச்செந்தூர். ஆக, மிகக் குறைந்த கோட்டில் எந்த ஊருக்கு எப்படிப் போவது என்று இதிலேயே பதில் கிடைச்சிடும். அகலத் தேடல் என்று பெயர். எட்வர்ட் மூர் என்பவர் புதிர்ப் பாதையில் குறுக்கு வழி கண்டுபிடிக்க இதை 1959-ல் வெளியிட்டார். ஜெர்மனியில் கான்ராட் சூசே அதற்கு முன்பே, 1945-லேயே எழுதி வைத்திருந்தார், ஆனால் அது அச்சேறியது 1972-ல்தான். போர்க்காலம், என்ன செய்வது.

ஒரு எச்சரிக்கை. குறைந்த கோடு என்றால் குறைந்த கிலோமீட்டர் என்று அர்த்தமில்லை. கிலோமீட்டர் பார்க்கணும் என்றால் கோட்டின் விவரத்தில் தூரத்தை எழுதி, டைக்ஸ்ட்ரா முறையைக் கூப்பிடணும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பர் பேனா இல்லாமல், இருபது நிமிஷத்தில் அதை யோசித்ததாக டைக்ஸ்ட்ராவே சொல்லியிருக்கிறார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பைத்தானில் இந்த வரிசையைச் சாதாரண லிஸ்டில் செய்யக்கூடாது. லிஸ்டின் முன்னால் இருந்து ஒருவரை எடுத்தால், பின்னால் நிற்கிற அத்தனை பேரும் ஒரு அடி முன்னால் நகரணும். பத்து பேர் என்றால் பரவாயில்லை, லட்சம் பேர் என்றால் கடை மூடும் வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதுக்காக டெக் என்று ஒன்று இருக்கு, இரு பக்கமும் திறந்த வரிசை. 

இரண்டாவது வழி, சத்துணவுத் தட்டு அடுக்கு. கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுப்போம் அல்லவா? அதே போல் கடைசியாக வந்து சேர்ந்த ஊரிலிருந்தே மேலே போய்க்கொண்டே இருப்பது. வழி அடைத்தால் மட்டும் ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரு ஊர் பின்னால் வருவது. திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, காரைக்குடி. காரைக்குடியின் பக்கத்தில் திருச்சியும் மானாமதுரையும், இரண்டும் பார்த்தாச்சு. பின்வாங்கி மானாமதுரைக்கு வா. அங்கிருந்து விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி. மறுபடி அடைப்பு. திருநெல்வேலிக்குத் திரும்பி திருச்செந்தூர். பிறகு ஒவ்வொரு ஊராகப் பின்வாங்கி மானாமதுரை வந்து, கடைசியாக இராமேஸ்வரம். பக்கத்து ஊர்களை எடுக்கும் வரிசை நாம் கோடு எழுதிய வரிசைதான். நீங்கள் மாற்றி எழுதினால் வேறு வரிசையில் சுற்றும்.

இது ஆழத் தேடல். 19-ஆம் நூற்றாண்டிலேயே திரெமோ என்ற பிரெஞ்சு இன்ஜினியர் புதிர்ப் பாதையிலிருந்து வெளியே வர இதே யோசனையைச் சொன்னார். இதைத் தன்னைத்தானே கூப்பிடும் பங்ஷனாக எழுதினால் நாலு வரியில் முடிஞ்சிடும், பார்க்கவும் அழகு. ஆனால் பைத்தான் அப்படி உள்ளுக்குள் கூப்பிடுவதற்குச் சாதாரணமாக ஆயிரம் என்று எல்லை வைத்திருக்கு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒரே நீளத்துக்கு ஆயிரம் ஊர் உள்ளே போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் நூலகத்தில் அந்த அழகான நாலு வரியைப் போடவில்லை. அடுக்கைத் தாங்களே கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் முரட்டு நிரல்தான், ஆனால் நிற்காது.

இனி முதல் கேள்விக்கு வரலாம். எந்தக் கோடு போனால் ஊர் துண்டாகும்? கிராப் கணக்கில் அப்படிப்பட்ட கோட்டுக்குப் பெயரே "பாலம்"தான். ஆக, பாம்பன் பாலத்தைச் சுமக்கிற மானாமதுரை–இராமேஸ்வரம் கோடு இரண்டு தடவை பாலம்: இரும்பாலும் பாலம், இலக்கணத்தாலும் பாலம்.

முரட்டு வழி என்னன்னா, ஒவ்வொரு கோடாக அழித்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அகலத் தேடலில் எல்லா ஊருக்கும் போக முடியுதா என்று சோதிப்பது. நமக்குப் பன்னிரண்டு தடவை. ஏழாயிரம் ஸ்டேஷனுக்கு ஏழாயிரம் தடவைக்கு மேல் நாட்டைச் சுற்றி வரணும். ஆழத் தேடல் ஒரே ஒரு தடவை சுற்றிவிட்டுப் பதில் சொல்லிடும். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்க.

மேலே ஆழத் தேடலில் நாம் புதிய ஊருக்குப் போகப் பயன்படுத்திய கோடுகளை எண்ணுங்க: ஒன்பது. படத்தில் அவற்றின் மேல் நீல மை தடவியிருக்கேன். மிச்சம் மூன்று கோடு சிவப்பு: காரைக்குடி–திருச்சி, விருதுநகர்–மதுரை, தென்காசி–விருதுநகர். இந்தச் சிவப்புக் கோடுகளுக்கு ஒரு குணம் இருக்கு. ஆழத் தேடலில் சிவப்புக் கோடு எப்பவும் தன் அப்பா, தாத்தா, பூட்டன் என்று நேர் முன்னோரிடமே போய்ச் சேரும். பங்காளி வீட்டுக்குக் குறுக்கே போகவே போகாது. ஏன்னா பங்காளிக்குக் கோடு இருந்திருந்தால், அப்போதே அந்த வழியாக உள்ளே போயிருப்போமே!

இப்போ ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் எடுத்து, அதன் கீழ் முனையிலிருந்து நீலக் கோடு வழியாக மேலே ஏறி, போகிற கோட்டுக்கெல்லாம் ஒரு டிக் போடு. ஏற்கனவே வந்து போன ஊர் வந்ததும் நிறுத்து. திருச்சியைத் தொடும் சிவப்பு முதலில்: காரைக்குடியிலிருந்து மானாமதுரை, மதுரை, திண்டுக்கல், திருச்சி, நாலு டிக். அடுத்து மதுரையைத் தொடும் சிவப்பு: விருதுநகரிலிருந்து மானாமதுரை, ஒரு டிக், அதோடு நிறுத்து. மூன்றாவது: தென்காசியிலிருந்து திருநெல்வேலி, விருதுநகர், இரண்டு டிக். மொத்தம் ஏழு. ஒன்பது நீலக் கோட்டில் டிக் விழாமல் நிற்பது இரண்டே இரண்டு: மானாமதுரை–இராமேஸ்வரம், திருநெல்வேலி–திருச்செந்தூர்.

டிக் விழுந்த கோடு ஏதோ ஒரு வட்டத்தில் இருக்கு, அது போனாலும் வட்டத்தின் மறுபக்கம் சுற்றி வரலாம். டிக் விழாத கோட்டுக்கு மறுபக்கமே இல்லை. நெட்வொர்க்எக்ஸில் என்எக்ஸ்.பிரிட்ஜஸ்(ஜி) என்று ஒரே வரி அடித்தால் உள்ளே நடப்பது இதே டிக் போடும் வேலைதான். ஆழத் தேடலை வைத்து இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வேகமாகப் பதில் சொல்லலாம் என்று 1970-களில் காட்டியவர்கள் ஹாப்கிராப்ட், டார்ஜான். 1986-ல் அவர்கள் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

கணக்கு சொன்ன அந்த இரண்டாவது பாலம், திருச்செந்தூர் கோடு, அதுவும் சும்மா காகிதப் பாலம் இல்லை. 2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப் போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். வட்டத்தில் இருக்கும் கோடு என்றால் ரயிலை வேறு பக்கம் திருப்பி விடலாம். பாலக் கோட்டில் திருப்ப எங்கே இடம்? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள். தனுஷ்கோடிக் கோட்டைத் திரும்பப் போடவே இல்லை. நூலகத்தில் ஒரு புள்ளியை நீக்க ஜி.ரிமூவ்_நோட் என்று ஒரு கட்டளை இருக்கு. புள்ளியோடு அதன் கோடுகளும் தானாக அழிந்துவிடும்.

கோடு போனால் என்ன என்று பார்த்தோம், ஊரே போனால்? அதாவது ஒரு ஜங்ஷன் யார்டில் வேலை நடக்குது, அந்த ஊர் வழியாக எதுவும் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்க. எந்த ஊர் போனால் படம் துண்டாகும்? எல்லோரும் மதுரை என்றுதான் சொல்வீர்கள். நான் கேட்ட நாலு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். என்எக்ஸ்.ஆர்டிகுலேஷன்_பாயிண்ட்ஸ்(ஜி) வேறு மூன்று பெயர் சொல்லுது: மானாமதுரை, விருதுநகர், திருநெல்வேலி. மதுரை போனாலும் திருச்சிக்காரர் காரைக்குடி, மானாமதுரை, விருதுநகர் என்று தெற்கே போயிடலாம். விருதுநகர் போனால் திருநெல்வேலி, தென்காசி, திருச்செந்தூர் மூன்றும் தனித்தீவு. இத்தனைக்கும் விருதுநகரைத் தொடும் நாலு கோட்டில் ஒன்றுகூடப் பாலம் இல்லை!

உடனே "தென்காசியிலிருந்து செங்கோட்டை, கொல்லம் வழியாகக் கேரளா போய்ச் சுற்றி வரலாமே" என்று யாராவது கேட்பீர்கள். நியாயம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகவும் போகலாம். அந்தக் கோடுகளை நான் படத்தில் எழுதவில்லை, அதனால் நூலகத்துக்குத் தெரியாது. நிஜத்தில் விருதுநகர் அவ்வளவு ஆபத்தான புள்ளி இல்லை. இராமேஸ்வரமும் திருச்செந்தூரும் மட்டும், எத்தனை கோடு சேர்த்து எழுதினாலும், ரயில் வரைபடத்தில் முனையிலேயேதான் தொங்கும்.

லேபில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மேலே உள்ள பன்னிரண்டு வரியையும் அப்படியே அடியுங்க. பிப் இன்ஸ்டால் நெட்வொர்க்எக்ஸ் என்று ஒரு தடவை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் போதும், பிறகு இணையம் தேவையில்லை. முதலில் என்எக்ஸ்.பிரிட்ஜஸ் கூப்பிடாமல், தாளில் நீல மை, சிவப்பு மை வைத்து நீங்களே டிக் போட்டுப் பாருங்க. காரைக்குடியிலிருந்து ஆரம்பித்தால் சிவப்புக் கோடுகள் வேறாக வரலாம், பாலம் மட்டும் அதே இரண்டுதான்.

ஒரு புதிர்: இந்தப் படத்தில் இருக்கும் பத்து ஊர்களுக்குள் ஒரே ஒரு கோடு புதிதாகச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு ஒரு பாலம்கூட இருக்கக் கூடாது, எந்த ஒரு ஊர் போனாலும் மிச்ச ஊர்கள் துண்டாகக் கூடாது. எந்த இரண்டு ஊருக்கு நடுவே போடணும்? (கடல் குறுக்கே வந்தாலும் பரவாயில்லை, நம் செலவா என்ன!) விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் வகுப்போடு கணினி ஆய்வக வாசலில் உள்ள பெட்டியில் போடுங்க. சரியான விடை அடுத்த தாளில்.

– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு